சுண்ணாம்புக் கோட்டுக்கு மேற்கே

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். பயமாக இல்லையா என்று கேட்பவர்கள் குறைவு. நான் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். என் கணவருக்கு விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் பஞ்சர் கடை. எங்கள் வருமானத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்பது கேட்பவர்களின் எண்ணம். கட்டுப்படியாகத்தான் செய்தது. பணத்துக்குப் பதில் என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு ஃப்ளையிங் கிளப் இருக்கிறது. மாணவர்கள் மட்டுமல்ல, வேலை பார்ப்பவர்களும் சேரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவர் பேராசிரியர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். நான் போய் நின்றபோது விண்ணப்பம் வாங்கியவர், மகனுக்கா மகளுக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அன்றைக்கும் வந்தது. ஆசையைவிட அந்தக் கோபத்தில்தான் கையெழுத்துப் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு.

கிளப்பில் இருப்பது இன்ஜின் இல்லாத கிளைடர். முன்னால் கற்றுக்கொள்பவர், பின்னால் பயிற்சியாளர். ஓடுதளத்தின் மறுகோடியில் நிற்கும் விஞ்ச் என்கிற இயந்திரம் நீளமான இரும்புக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும். பட்டம் ஏறுவது போல கிளைடர் ஏறும். உச்சிக்குப் போனதும் கயிற்றைக் கழற்றிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிட வேண்டும். மொத்தம் ஆறேழு நிமிடம். அதற்காக ஒருவர் இறக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும், ஒருவர் கயிற்றை டிராக்டரில் கட்டித் திரும்ப இழுத்து வர வேண்டும், ஒருவர் நேரம் குறிக்க வேண்டும், ஒருவர் விசில் ஊத வேண்டும், இறங்கிய கிளைடரை நாலு பேர் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வைத்தால் கட்டணம் எங்கேயோ போய்விடும். அதனால் எல்லா வேலையும் உறுப்பினர்களுடையது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வெயிலில் நின்றால் எனக்கு மூன்று முறை பறக்க வாய்க்கும்.

கூலி இல்லாமல் வேலை செய்கிறேன் என்பதை அம்மாவால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அம்மா கோலியனூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கியும் எங்களை வளர்த்தவள். நிலம் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்வார்கள். இன்றைக்கு உன் கொல்லையில் நான், நாளைக்கு என் கொல்லையில் நீ. மாற்றிக்கொள்ள எங்களிடம் கொல்லை இருந்ததில்லை. கிளப்பில்தான் முதல் முறையாக என் வேலைக்குப் பதிலாக இன்னொருவருடைய வேலை எனக்குக் கிடைத்தது. வாரமெல்லாம் என்னிடம் கண்ணாடிக் குடுவை கழுவியாயிற்றா என்று கேட்கும் துறைத்தலைவர், ஞாயிறன்று என் இறக்கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடுவார். அதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் கிளப்பில் ஒரு விதி. ஒருவருக்கு இரண்டு சீசன்தான். ஒரு சீசன் என்பது தையிலிருந்து சித்திரை வரை. அதற்குள் பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பறந்துவிட்டால் தொடர்ந்து உறுப்பினராக இருக்கலாம். இல்லாவிட்டால் வரிசையில் காத்திருப்பவருக்கு இடத்தை விட்டுவிட வேண்டும். நான் சொல்வது என் இரண்டாவது சீசனின் கடைசி ஞாயிறு. அதுவரை நான் தனியாகப் பறந்திருக்கவில்லை.

எங்கள் ஓடுதளம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போனால் இருக்கிறது. யாரோ எப்போதோ போட்டு அப்படியே விட்டுவிட்ட தார்ப்பட்டை. கிளப் வருவதற்கு முன்பிருந்தே சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அதில் மல்லாட்டையும் கேப்பையும் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பேசிப் பார்த்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மேற்குக் கோடியில் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்கு மேற்கே அவர்களுடைய காய், கிழக்கே எங்கள் கிளைடர். இறங்கும் நேரத்தில் விசில் கேட்டால் அவர்கள் ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்க வேண்டும். காலையில் காற்று மேற்கிலிருந்து வரும். கிழக்கே இருந்து வந்து சுத்தமாக இறங்குவேன். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும். அப்போது மேற்கே இருந்து, காயும் காய்க்கு மேலே தாழப் பறந்து வந்து, கோட்டைத் தாண்டியதும் சக்கரம் பதிக்க வேண்டும். அங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் சொதப்பினேன். உயரமாகவே வந்து, கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய், வேலிக்குப் பக்கத்தில் இறங்குவேன். இன்னும் கொஞ்சம் ஓடினால் முள்ளுக்குள் போய்விடும்.

பயிற்சியாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரைச் சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அன்றைக்கு மதியமும் நான் அப்படியே இறங்கியதும் அவர் கோபப்படவில்லை. பின்சீட்டிலிருந்து நிதானமாகக் கேட்டார்.

“காலைல இப்படிப் பண்றதில்லையேக்கா. மதியம் மட்டும் கடைசி நேரத்துல கிளைடர் மூக்கைத் தூக்கிடறீங்க. அப்படி அங்க என்னதான் இருக்கு?”

“காய் காயுது சார்.”

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவருக்குப் புரியவில்லை. காய் கோட்டுக்கு அந்தப் பக்கம்தானே, அதன்மேல் இறங்கச் சொல்லவில்லையே என்றார். இன்னும் ஒரு முறை கூட வருகிறேன், சரியாக இறங்கினால் அடுத்தது தனியாக, இல்லாவிட்டால் தன் கையில் எதுவும் இல்லை என்றார்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அம்மா வேலை செய்த வீட்டுக் களத்தில், அவளை எட்டிப் பிடிக்கக் குறுக்கே ஓடினேன். காலடியில் நாலைந்து காய் நொறுங்கியது. களத்துக்காரர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவை நிற்கவைத்து, அத்தனை ஆட்களுக்கும் முன்னால், நெடுநேரம் பேசினார். அம்மா குனிந்து நொறுங்கியதைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து என்னை அடித்திருந்தால் மறந்திருப்பேன். அவள் அடிக்கவில்லை.

என் முறை வர நேரமிருந்தது. விசில் வேலை என்னுடையது என்பதால் மேற்குக் கோடிக்கு நடந்தேன். ஒரு பெண் பாதங்களைத் தரையோடு இழுத்து நடந்து காயைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். சொந்த நிலத்துக் காய் என்றார். கிளைடர் தாழ வந்தால் உங்களுக்குத் தொந்தரவா என்று கேட்டேன்.

“ஓ, ஒசரமாவே போய்க்கினு இருக்கிறது நீதானா? மத்தவங்கல்லாம் நேரா வர்றாங்களே, உனக்கு இன்னா பயம்?”

காய்க்கு மேலே வர மனசு வரவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“லாரி ஓடுற ரோட்டுலயே போட்டுக் காய வைக்கிறோம். நீ காத்துல போறவ. சும்மா வா. மொதல்ல செருப்பை மாட்டு, கால் வெந்துடப் போவுது.”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கோட்டுக்கு மேற்கே, காய்க்குப் பக்கத்தில், நான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் மேல் பழியைப் போட்டேன்.

அடுத்த முறை பயிற்சியாளரோடு வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கைத் தூக்காமல் இருந்தேன். கோட்டைத் தாண்டிச் சரியாக இறங்கியது.  அவர் இறங்கிப் பின்சீட்டுப் பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, கண்ணாடி மூடியைச் சாத்தித் தட்டிவிட்டு நகர்ந்து நின்றார்.

தனியாக ஏறும்போது கிளைடர் லேசாக இருந்தது. பின்னால் ஆள் இல்லை என்பதை முதுகு உணர்ந்தது. பயந்தேன். கயிற்றைக் கழற்றியதும் சத்தமெல்லாம் அடங்கியது. நெடுஞ்சாலையில் லாரிகள் ஊர்ந்தன, ஏரியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, நான் பாட்டுக்கு மேலே இருந்தேன். சந்தோஷத்தில் வாய்விட்டு என்னென்னவோ பேசினேன். கேட்க யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மேற்குப் பக்கமாகச் சுற்றி, கிழக்கு நோக்கி இறங்கத் தொடங்கினேன். விசில் கேட்டது. அந்தப் பெண் ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்த்தார். இந்த முறை உயரமாக வந்துவிடக் கூடாது என்ற கவலையில் கொஞ்சம் கூடுதலாகவே தாழ்ந்துவிட்டேன். கோட்டுக்கு நாலடி முன்னாலேயே சக்கரம் பதிந்தது. காய் நொறுங்குகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. கிளைடர் கோட்டைத் தாண்டி ஓடி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

எல்லோரும் கை தட்டிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தார்கள். நான் பட்டையை அவிழ்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். கோட்டுக்கு அருகே குந்தி, நொறுங்கியதைப் பொறுக்கத் தொடங்கினேன்.  அந்தப் பெண்ணும் வந்து பக்கத்தில் குந்தினார். ஒரு பிடி அள்ளி, ஊதி, நாலு பருப்பை வாயில் போட்டு மென்றார். மீதியை என் உள்ளங்கையில் கொட்டினார்.

“நல்லாத்தான் காஞ்சிருக்குது. நாளைக்கு மூட்டை கட்டிடலாம்.”

பயிற்சியாளர் அங்கேயே வந்து என் பயிற்சிப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். நாலடி முன்னால் என்று ஒரு குறிப்பும் எழுதினார்.

சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் இருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். தனியாகப் பறந்தேன் என்றதும், சரி, சாப்பிட்டியா என்றாள். இறங்கும்போது காய் மேல் ஏற்றிவிட்டேன் என்றேன். 

“யாரு காயி?” என்றாள்.

“அந்த ஊர்க்காரங்களுது.”

“உன்னை இன்னா பேசினாங்க?”

“ஒண்ணும் பேசலம்மா. எனக்கும் ஒரு பிடி தின்னக் குடுத்தாங்க.”

“நெசமாவா?” என்றாள் அம்மா.

வானத்தில் பறந்தேன் என்று சொன்னபோது அவள் அப்படிக் கேட்கவில்லை.