நண்டு குடியேறிய ஸ்பீக்கர் பெட்டி

பிள்ளைகளே, நீங்கள் இப்போது உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டியில் பாட்டுக் கேட்கிறீர்கள். என் நெஞ்சளவு உயரமான பெட்டிகளில் நான் பாட்டுக் கேட்ட கதையைச் சொல்கிறேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். அவர் ஒரு வேலையைத் தொடங்கினால் வீடே கலகலப்பாகிவிடும். முடிப்பதுதான் அவருக்கு வராது. அவர் கட்டிய கோழிக்கூட்டுக்குக் கூரை இல்லை. சைக்கிளைக் கழற்றிப் பூட்டியபோது மிஞ்சிய சாமான்கள் ஒரு பால்மா டின்னுக்குள் கிடந்தன. சைக்கிள் எப்படியோ ஓடியது.

இந்தப் புகழ் களுதாவளை வரைக்கும் போயிருந்தது. அங்கேதான் மாமாவுக்குப் பெண் பேசியிருந்தார்கள். "பொடியன் நல்ல பொடியன்தான். ஆனா ஒண்டையும் முழுசா முடிக்கமாட்டானாமே?" என்று பெண்ணின் தகப்பன் யாரிடமோ கேட்டது அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்க வருவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரம் பார்த்து மாமா தன் ஸ்பீக்கர்களைக் கழற்றினார்.

அவை கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தபோது அவர் கொண்டுவந்தவை. புத்தகத் தட்டில் வைக்கிற அளவில் இரண்டு சின்னப் பெட்டிகள். பாட்டுத் தெளிவாகக் கேட்கும். மேளம் மட்டும் தகரத்தில் தட்டுவது போலிருக்கும். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்களை எடுத்து, நிலத்தில் நிற்கும் பெரிய பெட்டிகளில் பூட்டப்போகிறாராம்.

"ஏன் மாமா பெரிய பெட்டி?"

"சின்னக் கூட்டுக்குள்ள அடைச்ச சேவல் நிமிந்து கூவுமாடா? சத்தத்துக்கும் காத்து வேணும், இடம் வேணும்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "மாப்பிள்ள பாக்க வாறாங்க. நீ கழட்டிப் போட்டுட்டு இருக்கியா?"

"வரட்டும் அக்கா. முடிச்சுக் காட்டுறன்."

அப்பா தன் பழைய நெற்பெட்டியின் பலகைகளை எடுத்துக் கொடுத்தார். "இதையும் பாதியில போட்டியெண்டா, உன்ன உள்ள வச்சு ஆணி அடிப்பன் மச்சான்" என்று சொல்லிவிட்டு வட்டைக்கு வயல் பார்க்கப் போனார்.

மாமா சீவினார், அறுத்தார், பசை பூசினார். சத்தம் உள்ளே எதிரொலிக்கக் கூடாது என்று பெட்டிக்குள் பஞ்சு வைத்தார். அன்றிரவு அம்மாவின் தலையணை மெலிந்திருந்தது. பெட்டிகள் எழுந்து நின்றன. ஆனால் பூனை உரசினாலும் ஆடின. அதற்கும் மாமாவிடம் வழி இருந்தது. அடியில் தனியாக ஓர் அறை அடைத்து, பின்பக்கம் துளை போட்டு, அதற்குள் மணல் நிரப்பினால் பாரத்துக்கு அசையாமல் நிற்கும் என்றார். வாவிக்கரை எங்கள் வேலிக்கு அப்பால்தான். வாளியோடு போய் ஈரமணலை அள்ளிவந்து, அப்படியே கொட்டி, துளையைத் துணியால் அடைத்தார்.

"அக்கா, முடிஞ்சுது!"

அம்மா நம்பவில்லை. பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எதை விட்டிருக்கிறான் என்று முன்னும் பின்னும் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தகப்பனும் தாயும் அண்ணனும் வந்தார்கள். தகப்பன் மீன்பிடிக்கிறவர். அதிகம் பேசமாட்டார். தேத்தண்ணீரும் பயற்றம் பணியாரமும் வந்தபின் மாமா பாட்டைப் போட்டார். மேளம் விழுந்ததும் மேசையிலிருந்த தண்ணீர் நடுங்கியது. அண்ணன்காரர் தலையாட்டினார். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பாட்டு முடிந்தது. ஆனால் வலது பெட்டி முடிக்கவில்லை.

கறகற. கறகற.

மாமா சிரித்துக்கொண்டே வயரை ஆட்டிப் பார்த்தார். கறகற. வயரைக் கழற்றினார். கறகற. மின்சாரத்தையே நிறுத்தினார். அப்போதும் கறகற. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

பெண்ணின் தகப்பன் எழுந்துபோய்ப் பெட்டியின் அடியில் காது வைத்தார்.

"தம்பி, உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

"மண், ஐயா."

"எங்க அள்ளின மண்?"

"வாவிக்கரையில."

"அப்ப அங்க குடியிருந்தவரையும் சேத்து அள்ளிட்டு வந்திருக்கீங்க."

துணியை இழுத்தார். கொஞ்சம் மணல் கொட்டியது. பின்னால் ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. பெண்ணின் தாய் இரண்டு காலையும் கதிரைமேல் ஏற்றிக்கொண்டார். நண்டு அப்பாவை நோக்கி ஓட, அப்பா வாசலை நோக்கி ஓடினார். அண்ணன்காரர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கவிழ்த்து அதைப் பிடித்தார்.

மாமா அசையாமல் நின்றார். எல்லாம் முடிந்தது என்ற முகம்.

பெண்ணின் தகப்பன் கையிலிருந்த மணலைத் தட்டினார். "பாதியில விடுற ஆள் எண்டு சொன்னாங்க. இது பாதி இல்லையே, வேண்டாததும் சேத்தெல்லோ கிடக்கு!" என்றார். அவர் சிரிப்பதை அப்போதுதான் பார்த்தேன். வீடே சிரித்தது. "மண்ணக் காயவச்சுப் போடுங்க தம்பி. நல்ல நாளொண்டு பாப்பம்."

அவர்கள் போனபின் அம்மா மணலைக் கூட்டினாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மாமாவுக்குக் கலியாணம். மாமி வரப்போகிறா. அம்மாவின் பின்னாலேயே போய், பெட்டிகளை எந்த மூலைகளில் வைப்பது, மாமி எந்தக் கதிரையில் இருந்து பாட்டுக் கேட்கலாம், மாமா எங்கே இருப்பார், நான் எங்கே இருப்பேன் என்று எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். என் அப்பாவும் அப்படித்தான் அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அம்மா கூட்டுவதை நிறுத்தினாள். என் ஒழுங்குகளையெல்லாம் கடைசிவரை கேட்டாள். பிறகு தட்டில் மிஞ்சியிருந்த பணியாரம் இரண்டையும் எடுத்து என் கையில் வைத்தாள்.

நான் சொன்ன யோசனை அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.