நான்காவது பிளக்

எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதுதான் வழக்கம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் அண்டாவோ ஜமுக்காளமோ, ஒரு தாளில் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்துப் போடச் சொல்வார் அப்பச்சி. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தத் தாளுக்கு மேல் ஒரு சாட்சி அவருக்கு உலகத்தில் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் பழைய பெரிய காரை விற்றுவிட்டு ஒரு சின்னக் கார் வாங்கினோம். எண்ணூறு சிசி பெட்ரோல் வண்டி, மூன்று சிலிண்டர். பழைய காரில் ஒன்பது பேர் அடைந்துகொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்திருக்கிறோம். இதில் ஐந்தாவது ஆள் ஏறினாலே மேட்டில் முனகியது. தனியாக ஓட்டினால் பறந்தது. எனக்குப் பிடித்துப்போனது. அப்பச்சிக்கு ஒரே ஒரு குறைதான். ரயில்வே கேட்டில் நிற்கும்போது கியர் கம்பி நடுங்கும்.

"காய்ச்சக்காரன் மாதிரி என்னடா இது இப்படி ஆடுது" என்பார்.

மூன்று சிலிண்டர் வண்டி நிற்கும்போது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். வண்டியோடு வந்த புத்தகத்தை நான் அட்டையிலிருந்து அட்டை வரை படித்திருந்தேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பழைய காரைப் பதினைந்து வருடம் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கிடமே இதையும் விடுவதென்று முடிவாயிற்று. கல்லூரி ரோட்டில் சின்ன ஷெட். எங்கள் தெருவின் நாலைந்து வீட்டு வண்டிகளை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடியது. அப்பச்சி பழைய காரின் பட்டியலை எடுத்து அப்படியே பிரதி செய்தார். சக்கரம் நாலு, ஸ்டெப்னி ஒன்று, ஜாக்கி ஒன்று, கால்மிதி நாலு, பிளக் நாலு. சிலிண்டருக்கு ஒரு பிளக் என்றால் இதில் மூன்றுதான்; கடைசி வரி தப்பு என்று எனக்குத் தெரிந்தது. அவர் எழுதியதில் திருத்தம் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று கொண்டுபோனேன். மெக்கானிக் பதினைந்து வருடமாகச் செய்வது போலவே படிக்காமல் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வண்டி வந்ததும் அப்பச்சி தாளோடு இறங்கினார். எல்லாவற்றையும் எண்ணிவிட்டு முதல்முறையாகப் பானெட்டைத் திறக்கச் சொன்னார். கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் கறுப்பு மூடியிலிருந்து நான்கு வயர்கள் கிளம்புகின்றன. மூன்று வயர்கள் மூன்று பிளக்குகளுக்குப் போகின்றன. நான்காவது ஓரமாக எங்கேயோ போகிறது.

"ஒரு பிளக்கை உருவிட்டு வயரை ஓரங்கட்டிட்டான். அதான் இந்த ஆட்டம் ஆடுது" என்றார்.

வாங்கிய நாளிலிருந்தே ஆடுகிற வண்டி அது. அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அப்படி இருக்காது" என்று மட்டும் முணுமுணுத்தேன். அவர் தாளில் இருந்த மெக்கானிக்கின் கையெழுத்தைக் காட்டினார். நான் உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலைக்குள் விஷயம் தெரு முழுக்கப் போய்விட்டது. அந்த வாரம் ஷெட்டுக்குப் போகவிருந்த இரண்டு வண்டிகள் போகவில்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் மெக்கானிக் சைக்கிளில் வந்தார்.

"இந்த வண்டிக்கு மூணு பிளக்குத்தான் ஐயா."

"அப்ப நாலுக்கு ஏன் கையெழுத்துப் போட்ட?"

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். குறட்டால் ஒரு பிளக்கின் வயரைப் பிடுங்கினார். எஞ்சின் குதித்துத் திணறியது. அதை மாட்டிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினார். அதே திணறல். மூன்றாவதற்கும் அப்படியே. கடைசியாக அந்த நான்காவது வயரைப் பிடுங்கினார். எஞ்சின் பொட்டென்று நின்றுவிட்டது.

"இதுதான் ஐயா இக்னிஷன் காயில்லேருந்து இந்த மூடிக்குக் கரண்டைக் கொண்டாரது. இதுக்குப் பிளக்கே கிடையாது. எங்கிட்டாச்சும் நாலாவது பிளக்குக்கு ஓட்டை இருக்கான்னு நீங்களே தடவிப் பாருங்க."

அப்பச்சி நிஜமாகவே குனிந்து தடவிப் பார்த்தார். நிமிர்ந்து, "காபி சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

"இருக்கட்டும் ஐயா."

அப்பச்சி உள்ளே போனதும் மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்ச ஆளு. மூணுதான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அப்பச்சி அன்றைக்கே தெருவில் நாலு வீட்டுக்கும் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த சர்வீஸுக்கு வெறும் சாவியை மட்டும் என்னிடம் கொடுத்தார். "அவனுக்கு லிஸ்ட் வேணாம்" என்றார். அவர் அளவில் அது பெரிய விஷயம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மெக்கானிக் சாவியை வாங்கவில்லை.

"லிஸ்ட் எங்க தம்பி?"

"அப்பச்சி வேணாம்னுட்டாக."

"எனக்கு வேணுமே."

பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினார். நான் எழுதினேன். பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தொட்டு எண்ணச் சொன்னார். அடியில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அந்த வண்டி எங்களிடம் ஏழு வருடம் இருந்தது. அப்பச்சி கொண்டுபோனால் மெக்கானிக் பட்டியல் இல்லாமலே வண்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கதை பேசுவார். நான் போனால் மட்டும் தாள் வெளியே வரும். வேறு பேச்சு இருக்காது.

"பிளக்கு மூணு. எண்ணிக்கிடுங்க தம்பி."