பாயின் இடது கால் பிரேக்

சின்ன வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லித்தான் இதை ஆரம்பிக்க வேண்டும். இப்ராகிம் பாயின் பக்கத்து வீட்டுக்காரர் என் சைக்கிள் கடைக்கு வந்து, "பாய் போய்ட்டாரு ஏழுமலை" என்றபோது, "எங்க, வல்லத்துக்கா? பஸ் கெடச்சிதாமா?" என்று கேட்டுவிட்டேன். அவரைக் கிண்டல் செய்தே பழகிய வாய். வந்தவர் சிரிக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாய், செஞ்சியிலிருந்து பம்பாய் வரை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றி லாரி ஓட்டியவர். திண்டிவனம் ரோட்டு விபத்தில் வலது கால் முழங்காலோடு போயிற்று. மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஊன்றுகோலோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, புறப்படும் பஸ்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாரோடும் பேசமாட்டார்.

சவுதியிலிருந்து வந்த என் மச்சான், டிவியில் கார் ரேஸ் ஆடும் பெட்டி ஒன்று கொடுத்தார். கடையில் வைத்தேன். பிடிக்க ஒரு குச்சி, பக்கத்தில் சிவப்புப் பட்டன். பட்டனை அழுத்தினால் கார் ஓடும். குச்சியைப் பின்னால் இழுத்தால் பிரேக். ஒரு நாள் பாய் தாமாகவே வந்து உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே மோதினார்.

"இன்னா பாய், பம்பாய்க்கு இப்டித்தான் ஓட்னீங்களா?"

"பிரேக்க கையில வெச்சவன் எவன்யா? கால்ல குடு."

இருப்பது ஒரு கால். ஒன்றைத்தான் காலுக்குத் தர முடியும். "ஆக்ஸிலேட்டர வெச்சிக்கோங்க பாய், பறக்கலாம்" என்றேன்.

"ஓட்றதுக்குக் கை போதும். பயம் வந்தா கை மறந்துடும், கால் மறக்காது. தூக்கத்துல இன்னமும் இல்லாத காலு பிரேக்க அழுத்துது ஏழுமலை."

குச்சிக்குள் இருந்த பிரேக் ஒயரை வெளியே நீட்டி, காலிங்பெல் சுவிட்ச் ஒன்றைப் பலகையில் பொருத்தி, அவர் இடது காலுக்கடியில் வைத்தேன்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் வந்துவிடுவார். ஒரு ரேஸிலும் ஜெயித்ததில்லை. பின்னால் கார் வந்தால் பிரேக் போட்டு வழிவிடுவார்.

"பாய், இது ரேஸு!"

"அவனுக்கு இன்னா அவசரமோ, போவட்டும்."

ஒரு நாள் ஓட்டிக்கொண்டே சொன்னார்: "எவ்ளோ தூரம் போனாலும் ஒரு டீக்கட வரலியேய்யா. மனுசனே இல்லாத ரோடு."

மறுநாள் டிவி மேல், பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கிளாஸ் டீயை வைத்தேன். பார்த்ததும் பலகையை மிதித்தார். மற்ற கார்கள் போய்விட்டன. நாங்கள் டீ குடித்தோம்.

"சோலாப்பூர் வந்தாச்சி. நல்ல டீ."

"செஞ்சி டீ பாய் அது."

"கெடுக்காத."

தினமும் அப்படித்தான் நின்றோம்.

கடைசி இரவிலும் அந்த இல்லாத கால் பிரேக்கைத் தேடியதோ என்னவோ. போய் வாருங்கள் பாய். போகிற வழியில் டீக்கடை இருக்கட்டும்.

நேற்று அடக்கம் முடிந்து வந்து கடையைத் திறந்தேன். பழக்கத்தில் டீயை டிவி மேல் வைத்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினேன். அவர் சொன்னது சரிதான், ரோட்டில் யாருமே இல்லை. நிறுத்தலாம் என்று பலகைக்கு என் வலது காலைக் கொண்டுபோனேன். ஒயர் காலில் மாட்டிப் பெட்டியை இழுத்தது. பெட்டி கிளாஸைத் தள்ளியது. டீ முழுவதும் டிவிக்குள் போயிற்று.

கார் நின்றது. டிவியும் நின்றது.