பட்டி பூசிய கதவு

பழைய கார் பார்க்கப் போகும்போதெல்லாம் என் மாமா சட்டைப்பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொள்வார். வேளாங்கண்ணி மாதா படம் போட்டது, வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி, விற்பவர் முன்னாலேயே பானெட், கதவு, டிக்கி என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டால் தகரம். வழுக்கி விழுந்தால், இடித்த இடத்தில் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது. இன்ஜினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, கேட்கவும் மாட்டார்.

அத்தைக்கு மார்பில் ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றிக்கொள்ளப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரிக்குப் பஸ்ஸில் போய்வந்த சமயம் அது. திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டே வருவாள். அவளுக்காகத்தான் கார். ஆனால் மாமா என்ன செய்தார்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளை பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பிவிடுவார். வெயிலில்தான் பெயிண்டின் குறை தெரியுமாம், அதனால் உச்சி வெயில். உட்காரப் போகிறவள் அவள், அதனால் அவளும் வர வேண்டும். நான் என் வண்டியில் பின்னாலேயே போவேன். பொம்மிடியில் பார்த்த காருக்குக் கூரை வெளுத்திருக்கிறது என்றார். இன்னொன்றில் கதவுகளின் நிறம் சேரவில்லை என்றார். எனக்கு எரிச்சலாக வரும். பஸ்ஸின் குலுக்கல் வேண்டாம் என்று தேடுகிற மனிதர், தேடுகிற சாக்கில் அவளை இன்னும் மோசமாகக் குலுக்கினார். காரை வாங்கிவிட்டால் ஆஸ்பத்திரிக்கென்றே வாங்கியதாகிவிடும், நோயும் நிலைத்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

இண்டூரில் ஒரு வாத்தியார் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் நின்றது. மாமா சுற்றி வந்தார், குனிந்தார், மறுபடியும் சுற்றினார். பின்பக்க இடது கதவில் காந்தம் நிற்காமல் மண்ணில் விழுந்தது.

"கேட்டுல இடிச்சு நசுங்கிடுச்சுங்க. அந்தக் கதவு மட்டுந்தான் பட்டி பாத்து அடிச்சது. மத்தபடி வண்டி சுத்தம்," என்றார் வாத்தியார், எதையும் மறைக்காமல்.

"வேணாங்க. ஒட்டுப் போட்ட வண்டி. உள்ள என்ன இருக்குதோ, ஆருக்குத் தெரியும்?" என்று மாமா பைக்கைப் பார்த்து நடந்தார்.

அத்தை நகரவில்லை. முக்காடு சரிந்து, முடி கொட்டிய தலை வெயிலில் தெரிந்தது. அதை அவள் இழுத்து விட்டுக்கொள்ளவில்லை.

"ஏங்க, எனக்குந்தான் ஒரு பக்கம் வெட்டித் தெச்சிருக்குது. என்னையும் வேணாம்னுடுவீங்களா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். வாத்தியார் தலை குனிந்துகொண்டார். மாமா திரும்பி வந்து, அந்தக் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தார். அந்தக் காரைத்தான் வாங்கினோம்.

அதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அத்தை நன்றாகத்தான் இருக்கிறாள். முடி முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்றுதான் டாக்டரும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஆனாலும் பரிசோதனை நெருங்கினால் மாமாவுக்குச் சோறு இறங்காது. நாளைக்குப் போக வேண்டும். காலையிலிருந்து காரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

"தொடச்சது போதும், வூட்டுக்குள்ள வாங்க. எனக்கு ஒண்ணுமில்ல," என்கிறாள் அத்தை.

"இதா வந்துட்டேன்," என்கிறார் மாமா. வரவில்லை. விரலை மடக்கி, அந்தக் கதவை மெல்லத் தட்டிப் பார்க்கிறார்.