கவுன்சில் ஆள் வந்த அன்று நடிகர் நடந்தார்

மிச்சம் என்ற ஊரில் டிராம் பாதையை ஒட்டிய வீடொன்றில் ஒரு பழைய ஆங்கில நடிகர் தனியாக இருந்தார். நான் கேரராகக் காலையில் அவரிடம் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்துவிட்டு வருவேன்.

வாசலிலிருந்து குசினிவரை சுவர் முழுக்க அவருடைய படங்கள். ராசா, பிச்சைக்காரர், பாதிரியார், கிறிஸ்மஸ் நாடகத்தில் பாவாடை கட்டிய சமையல்காரி. எல்லாம் ஒரே ஆள்தான் என்று நம்ப எனக்குப் பல நாள் எடுத்தது. மேடையில் தொடங்கிப் பிறகு படங்களிலும் டிவியிலும் நடித்தவர். ஒருநாள் பின்னேரம் பழைய தொடர் ஒன்றில், நோயாளிகளுக்கு நஞ்சு ஊசி போடும் டொக்டராக வந்தார். மறுநாள் அவருக்கு மாத்திரை கொடுக்கும்போது நான்தான் பயந்தேன்.

முழங்கால் வலி என்று முனகுவார். எழும்பவே ஏலாது என்பார். சனி ஞாயிறுகளில் எனக்குப் பதிலாக அவரிடம் போகும் கேரர் தங்கச்சி ஒருத்தி ஒருநாள் எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, அந்தாளை நம்பாதேங்கோ. எழும்பேலாதெண்டு அழுதவர். நான் குசினிக்குள்ள போட்டு வாறன், ஆள் யன்னலடியில நிக்கிறார்."

"உண்மையாவோ?"

"ஓம் அக்கா. என்னைக் கண்டதும் கதிரையில பொத்தெண்டு விழுந்தார். எங்கட கோயில் திருவிழா நாடகத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போவமே?"

சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அவர் முனகும்போதெல்லாம் முகத்தைக் கவனித்தேன். நொண்டியாக நடிக்கும்போது, எந்தக் கால் என்று மறக்காமலிருக்கச் சப்பாத்துக்குள் சின்னக் கல் போடுவாராம். அவரே சொன்னது. அவர் தூங்கும்போது செருப்பைத் தட்டிப் பார்த்தேன். கல் இல்லை. அப்போதும் சந்தேகம் போகவில்லை.

அவர் குளியலறையில் இரண்டு தரம் விழுந்த பிறகு, இனித் தனியாக இருக்க ஏலுமா என்று பார்க்கக் உள்ளூர்க் கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது. முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அன்று காலை முகம் மழிக்கச் சொன்னார். நீலக் கோட்டு போட்டுவிடச் சொன்னார்.

வாசல் மணி அடித்தது. எழும்பினார். பொல்லு ஊன்றாமல் நடந்துபோய்க் கதவைத் திறந்தார்! குரலும் இளம் ஆளுடைய குரல். பகிடி விட்டார், படங்களைக் காட்டினார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்கள் நல்லா இருக்கிறீங்கள். இந்தக் காலைநேர உதவியும் தேவையில்லைப் போல," என்று லாப்டொப்பை மூடினாள்.

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கழுத்திலிருந்து வியர்வை கொலருக்குள் வழிந்தது. கதிரையின் முதுகைப் பிடித்த விரல்கள் வெளிறிப்போயிருந்தன. யன்னலடியில் நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும். வலிதான் நடிப்பு என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நடிப்பு இதுதான். நானும் வராவிட்டால், அடுத்த முறை விழும்போது தூக்க ஆளில்லை.

அவருக்கு எதிராக அவர் முன்னாலேயே பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றேன் ஆங்கிலத்தில்.

"நேரமில்லை."

"இல்லை, இல்லை. இருங்கோ."

ஒரு அதிகாரியிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. குசினியில் பாலும் தேயிலையும் போட்டு, அடுப்பில் மெதுவாகக் கொதிக்க வைத்தேன். வந்தவள் போகும்வரை அவர் உட்காரமாட்டார், கனநேரம் நிற்கவும் ஏலாது என்று தெரியும். முதலில் அவர் பேச்சு மெலிந்தது. பிறகு கதிரை இழுபடும் சத்தம்.

ஓடிப்போனேன். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் சாம்பலாக இருந்தது.

"உண்மையா எத்தனை தரம் விழுந்தீங்கள்?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "இவளைக் கேளுங்கள். நான் எது சொன்னாலும் நம்பாதவள் இவள்தான்."

எனக்கு முகம் சுட்டது. கண்டதைச் சொன்னேன். அவள் மறுபடி லாப்டொப்பைத் திறந்தாள். கடைசியில், மாலையிலும் ஒரு கேரர், குளியலறையில் கைபிடி, வீட்டிலேயே இருக்கலாம் என்றாள்.

அவள் போனதும், நான் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை அவர் எடுத்தார்.

"சீனி கூடிப்போச்சு," என்றார். முழுவதையும் குடித்தார்.