நாற்பத்தைந்து சுற்று

கண்டித் தோட்டத்திலிருந்து எங்களோடு கப்பலேறி வந்த ரெக்கார்டு பிளேயரின் ரப்பர் பெல்ட், நீலகிரியில் தேவாலாவுக்கு நாங்கள் வந்தபின் பெய்த முதல் மழையிலேயே அறுந்துவிட்டது. என் கணவர் சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மாட்டினார். சுழலும் தட்டின் ஓரத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்து, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினார். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வரவேண்டும், முப்பத்தெட்டுதான் வந்தது. மூன்று வாரமாக வேறு வேறு அளவில் நறுக்கி மாட்டியும் அதே கதைதான். எங்கள் கல்யாணத்தில் தோட்டத்து லய வீடுகளெல்லாம் கூடி ஆடிய பாட்டு, சளி பிடித்த குரலில் இழுத்துக்கொண்டு போனது.

அன்று நாளெல்லாம் மழையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள், இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் சுவரில் சாய்ந்திருந்தேன்.

“இன்னும் சரிவரல்ல,” என்று அவர் மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. “விடுங்க. இனி எழும்பி ஆடவா போறோம்? இந்த வேகமே போதும்.”