கன்னத்துக்குள் தெரிந்த கரும்பொட்டுகள்

அந்த ரயில் நிலையத்தில் அவளை முகம் பார்த்துத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்களே கிடையாது. பத்தொன்பது வருஷமாக மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்பவள். சக ஊழியர்களுக்கு அவள் 'மைக் அக்கா'.

கடைசி இரண்டு வருஷமாக மைக் அக்காவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். ஒருநாள் "நடைமேடை எண்" என்று சொன்னதோடு வாய் வறண்டு நின்றுவிட, மொத்தக் கூட்டமும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தது. சர்க்கரையாக இருக்கும் என்றார்கள், சோதித்தால் இல்லை. வயசாகிறது என்றார்கள். நாற்பத்தாறெல்லாம் ஒரு வயசா என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டில் வேறொரு மனத்தாங்கல். கணவர் சொந்தமாக பேக்கரி வைத்திருப்பவர். அவர் சுடும் ரொட்டியை அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடாமலே விட்டுவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இடது கன்னம் வீங்கியபோதுதான் பல் மருத்துவரிடம் போனாள். எச்சில் வரும் குழாயில் கல் அடைத்திருக்கலாம் என்று அவர் ஸ்கேனுக்கு அனுப்பினார். கணவரும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா காதுக்கு முன்னால் சில்லென்று ஒரு பசையைத் தடவி, கருவியை மெல்ல நகர்த்தினார். "கல்லு எதுவும் இல்ல" என்றவர் அதோடு விடவில்லை. வலது கன்னத்துக்குப் போனார். பிறகு தாடைக்கு அடியில், இரண்டு பக்கமும்.

"வீக்கம் இந்தப் பக்கம்தானே டாக்டர்?"

"ஆமா. ஆனா நாலு எச்சில் சுரப்பியும் ஒரே மாதிரி இருக்கே. கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துமா?"

மைக் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். "நல்ல சுரப்பின்னா ஒரே சீரா சாம்பல் நிறத்துல தெரியும். உங்களுக்குப் பாருங்க, உள்ள பூரா கறுப்புக் கறுப்பா பொட்டு."

கணவர் எட்டிப் பார்த்தார். "ரொட்டியை அறுத்தா இப்படித்தான் ஓட்டை ஓட்டையா இருக்கும்" என்றார் தன்னை மறந்து.

"அந்த ரொட்டியை உங்களால முழுங்க முடியுதாம்மா?" டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி இல்லாம ஒரு வாய் இறங்காது டாக்டர். ரெண்டு வருஷமா இப்படித்தான்."

"அடிப்பாவி! சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நான் மாவை மாத்தினேன், அடுப்பையே மாத்தினேன்!"

சிரித்துச் சிரித்து அவள் கழுத்திலிருந்த பசையெல்லாம் காலரில் வழிந்தது.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே, ஆள் தெரியாமல் எச்சில் சுரப்பியையும் கண்ணீர் சுரப்பியையும் தாக்குகிற நோயாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று, இந்த வகை நோய்களையும் பார்க்கும் மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே கண்ணீரை அளக்கக் கீழ் இமையில் செருகிய காகிதப் பட்டை ஐந்து நிமிஷமாகியும் சரியாக நனையவில்லை. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. "முழுசா போகாது. ஆனா கட்டுக்குள்ள வச்சுக்கலாம்" என்றார் அந்த மருத்துவர். அழுவாள் என்று கணவர் பயந்தார். அவளுக்கோ தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. இத்தனை நாள் பட்டதெல்லாம் பொய்யில்லை என்று ஆகிவிட்டதே.

இப்போது கண்ணுக்குச் சொட்டு மருந்து, எச்சில் ஊற ஒரு மாத்திரை, மெல்லுவதற்குச் சர்க்கரையில்லாத சூயிங்கம். மைக்கை அணைத்துவிட்டு மெல்லும்படி நிலைய அதிகாரி ஒருமுறை கெஞ்ச வேண்டியிருந்தது. கணவர் ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்துக் கொடுக்கிறார். அவளும் ஒரு துண்டு கூடுதலாகவே கேட்கிறாள்.

ஒரு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன். "புதுசா ஒண்ணும் கூடல" என்ற டாக்டரம்மா, "எனக்கு நாளைக்குக் காலையில முதல் வண்டி. எந்த நடைமேடைன்னு உங்க குரல்லயே சொல்லுங்களேன்" என்றார்.

மைக் அக்கா படுத்த வாக்கிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டி எண்ணிலிருந்து நடைமேடை வரை முழு அறிவிப்பையும் கணீரென்று சொல்லி முடித்தாள். வெளியே காத்திருந்த ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டாராம்.